கடல் காலண்டரும் கல்லூரிக் காலண்டரும்: ராமநாதபுரம் கரையில் பிளஸ் டூவுக்குப் பிறகு

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ராமேஸ்வரத்திலும் மண்டபத்திலும் விசைப்படகுகள் வரிசையாக நங்கூரம் போட்டு நிற்கும். சிலர் படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுவார்கள், பெயிண்ட் அடிப்பார்கள், இஞ்சினைப் பிரித்து வேலை பார்ப்பார்கள். வரவு நின்று செலவு மட்டும் ஓடும் இரண்டு மாதம் அது. பிளஸ் டூ ரிசல்ட் வருவதும் இந்த இரண்டு மாதத்துக்குள்தான். பொறியியல் கவுன்சலிங், அரசு கலைக் கல்லூரி, மீன்வளப் பல்கலைக்கழகம் என்று ஒவ்வொன்றுக்கும் விண்ணப்பம் மே, ஜூன் வாக்கில் திறந்து மூடுகிறது. தனியார் கல்லூரிக்காரர்கள் "சீட்டை இப்பவே போட்டு வைங்க" என்று போன் மேல் போன் போடுவதும் அதே சமயத்தில்தான்.

இந்தக் கரைப் பிள்ளைகளின் மேற்படிப்பைப் பற்றிப் பேச வருகிறவர்கள் ஆர்வம், விழிப்புணர்வு, தன்னம்பிக்கை என்று பேசிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். தங்கச்சிமடத்திலோ ஏர்வாடியிலோ தொண்டியிலோ படிக்கும் பிள்ளைக்கு ஆசை குறைவு என்று என்னால் சொல்ல முடியாது. முடிவெடுக்க வேண்டிய வாரமும் வீட்டில் கையிருப்பு இல்லாத வாரமும் ஒன்றாக வந்து விழுவதுதான் இங்கே பெரிய சிக்கல். அந்த நெருக்கடியில் யார் முதலில் வந்து நிற்கிறாரோ அவர் சொல்கிற வழியில் குடும்பம் போய்விடுகிறது. வருகிறவர் கல்லூரி ஏஜெண்டாக இருக்கலாம், வளைகுடா விசா வைத்திருப்பவராக இருக்கலாம், "பையனை ஒரு வருஷம் என் போட்டுல அனுப்பு" என்கிற சம்மாட்டியாகவும் (படகு உரிமையாளர்) இருக்கலாம்.

ஆகவே பிளஸ் டூவுக்குப் பிந்திய திட்டத்தைக் கடலின் கணக்கிலிருந்து தொடங்குவோம்.

விசைப்படகுத் தொழிலில் பிடித்த மீனை விற்று, டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு போக மிஞ்சுவதில்தான் உரிமையாளருக்கும் ஆட்களுக்கும் பங்கு. பாக் நீரிணையில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் 3 நாள், நாட்டுப்படகுகளுக்கு 4 நாள் என்று முறை இருக்கிறது. அதிலும் ஐப்பசி, கார்த்திகையில் காற்று, மழை, புயல் எச்சரிக்கை என்று பல நாள் போகும். இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டால் ஆட்கள் திரும்பினாலும் படகு திரும்புவது அரிது. வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதத்தை இலங்கை 2018-இல் சட்டம் போட்டுப் பெரிய அளவில் உயர்த்திய பிறகு நிலைமை இன்னும் இறுகிவிட்டது. தடைக்கால நிவாரணம் ஒரு குடும்பத்துக்கு 8,000 ரூபாய். அதற்கு முன் 5,000 ஆக இருந்ததை உயர்த்துவதாக 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில்தான் முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். இரண்டு மாத அரிசி, பருப்புக்கே அது இழுத்துப் பிடிக்கும். கல்லூரிக்கு அதில் என்ன மிஞ்சும்?

அப்புறம் காசு எங்கிருந்து வரும் என்றால், மீன் வியாபாரியிடம் வாங்கும் அட்வான்ஸிலிருந்து. அட்வான்ஸ் வாங்கியவர் மீனை அந்த வியாபாரியிடமே போட வேண்டும், அவர் சொல்லும் விலைக்கே போட வேண்டும். மே மாதம் பிள்ளையின் சீட்டுக்காக வாங்கிய கடனுக்கு, வருஷம் முழுக்கப் பிடிக்கும் மீனில் கிலோவுக்கு இத்தனை என்று குறைந்துகொண்டே போகும். வட்டி என்று யாரும் அதற்குப் பெயர் வைப்பதில்லை, ஆனால் வட்டிதான். அடகுக் கடையும் கந்துவட்டியும் இதற்கு மேலே.

தடை முடிந்து ஜூன் நடுவில் போகும் முதல் சில மடிகளில், அதாவது கடல் நடைகளில், பொதுவாகப் பாடு (மீன் வரத்து) நன்றாக இருக்கும். ஆடி, ஆவணியில் கையில் கொஞ்சம் காசு புழங்கும். அரசு நடத்தும் பொறியியல் கவுன்சலிங்கில் இடம் ஒதுக்கப்படுவதும் கட்டணம் கட்டுவதும் பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில்தான். ஆக, பொறுமையாகக் கவுன்சலிங் வழியில் போகிற குடும்பத்துக்குக் காசு கேட்கப்படும் நேரம் படகு கடலுக்குப் போய்வரும் நேரமாக அமைகிறது. மேனேஜ்மெண்ட் சீட்டுக்கு மே மாதமே முன்பணம் கட்டச் சொல்கிறார்கள், தடைக்காலத்தின் நட்டநடுவில். இந்த ஒரு வித்தியாசத்தை வீட்டில் உட்கார்ந்து பேசியிருந்தாலே பல அட்வான்ஸ்கள் தேவைப்பட்டிருக்காது.

பாம்பன் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில் கேட்ட பேச்சு இது. மகள் மார்க் ஷீட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "ஏத்தா, பீஸு எப்பக் கேக்குறாய்ங்க?" என்று அப்பா கேட்கிறார். "இந்த வெள்ளிக்கெழமக்குள்ள கட்டலன்னா சீட்டு போயிருமாம்ப்பா." அவர் வெகுநேரம் பேசவில்லை. "தடை முடிஞ்சு போட்டு போகட்டும்த்தா, மொத ரெண்டு மடியில கட்டிருவோம்" என்றார் கடைசியில். அந்தப் பெண்ணின் மதிப்பெண்ணுக்குக் கவுன்சலிங்கிலேயே அந்தப் பாடம் கிடைத்திருக்கும். வெள்ளிக்கிழமை என்கிற கெடு கல்லூரி வைத்தது, அரசு வைத்ததில்லை. அதை அந்தத் திண்ணையில் எடுத்துச் சொல்ல ஆள் இல்லை.

கவுன்சலிங் கணக்கு கடினமானதில்லை. தமிழ்நாட்டில் பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு 2007-ஆம் ஆண்டிலிருந்து கிடையாது. கணிதம் 100-க்கு, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதியாக 50-க்கு 50, ஆக மொத்தம் 200-க்குக் கட் ஆஃப். கணிதத்தில் 82, இயற்பியலில் 76, வேதியியலில் 80 எடுத்த பிள்ளைக்கு 82, 38, 40 சேர்த்து 160. இதை வைத்துத் தரவரிசை. பிறகு இணையத்தில் கல்லூரிகளையும் பிரிவுகளையும் விருப்ப வரிசையில் அடுக்க வேண்டும். எத்தனை வேண்டுமானாலும் அடுக்கலாம். கணினி மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே வந்து, எது காலியாக இருக்கிறதோ அதைக் கொடுக்கும். "நமக்குக் கிடைக்காது" என்று நினைத்து நல்ல கல்லூரியைக் கீழே தள்ளிப் போடுவதில் லாபம் எதுவும் இல்லை. எது உண்மையில் வேண்டுமோ அது மேலே. மண்டபம், ராமநாதபுரம் பிரவுசிங் சென்டர்களில் அவசரத்தில் பத்து கல்லூரியை மட்டும் போட்டுவிட்டு எழுந்து வருகிற பிள்ளைகள் உண்டு. பக்கத்தில் வரிசை நிற்கிறது, கடைக்காரர் அவசரப்படுத்துகிறார். முந்தின இரவே ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போனால் இந்தப் பதற்றம் இருக்காது.

அரசுப் பள்ளியில் 6-ஆம் வகுப்பிலிருந்து 12 வரை படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. மருத்துவத்துக்கு 2020-இல் வந்தது. பொறியியல், வேளாண்மை, மீன்வளம், கால்நடை மருத்துவம், சட்டம் ஆகியவற்றுக்கு 2021-இல் வந்தது. இந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்கிறவர்களின் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. இதைவிடப் பெரிய உதவி இன்னொன்று இல்லை. ஆனால் நம் கரையில் ஒரு சங்கடம். ஊருக்குள் இருக்கும் நல்ல பள்ளி பல இடங்களில் தேவாலயமோ ஜமாத்தோ நடத்தும் அரசு உதவி பெறும் பள்ளியாக இருக்கும். கட்டணம் பெரிதாக இல்லாததால் அதுவும் அரசுப் பள்ளிதான் என்று பெற்றோர் நினைத்துக்கொள்கிறார்கள். உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீதம் கிடையாது. பன்னிரண்டாவது முடித்த பிறகு இது தெரியவந்து என்ன பயன்? ஐந்தாம் வகுப்பு முடித்து ஆறில் சேர்க்கும்போதே பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டியது இது. உதவி பெறும் பள்ளி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து விட்டுக்கொடுக்கலாம்.

கல்லூரியில் சேர்ந்த பிறகு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் திட்டங்களில் இந்த வேலி கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. பெண்களுக்கான புதுமைப் பெண் 2022 செப்டம்பரிலும், ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் இப்போது இவற்றுக்குள் வருகிறார்கள். பட்டப்படிப்புக்கு மட்டும் என்று பலர் எண்ணுகிறார்கள்; பாலிடெக்னிக், ஐடிஐ சேர்ந்தாலும் உண்டு. ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் சுமார் 55 கிலோமீட்டர். தினம் போய்வரும் பிள்ளைக்கு இந்த ஆயிரம் ரூபாய் பஸ்ஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் போதும் போதாததுமாக ஓடும். வீட்டில் கேட்டு நிற்க வேண்டியதில்லை என்பதே பெரிய விஷயம்.

சான்றிதழ்கள் பற்றிச் சுருக்கமாக. சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று நான்கும் தாலுகா அலுவலகத்தின் வேலை. இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். மே மாதம் மாநிலமே அங்கே நிற்கும். தை, மாசியில் போட்டால் கூட்டம் இல்லை. முதல் பட்டதாரிச் சலுகை கவுன்சலிங் வழியில் சேர்ந்தால்தான் கிடைக்கும். வீட்டில் அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே பட்டம் வாங்கியிருந்தால் கிடையாது. ஆதாரிலும் மார்க் ஷீட்டிலும் பெயரின் எழுத்து மாறியிருந்தால் அதையும் இப்போதே திருத்திவிட வேண்டும். ஃபெர்னாண்டோ, பெர்ணான்டோ என்று ஒரே வீட்டுக்குள் மூன்று விதமாக எழுதியிருக்கும். முகம்மது ஒரு சான்றில் முழுசாகவும் இன்னொன்றில் ஒற்றை எழுத்தாகவும் இருக்கும். கல்லூரியில் சமாளித்துவிடலாம். பாஸ்போர்ட் எடுக்கும்போதும் கப்பல் வேலைக்குப் போகும்போதும் அதுவே முட்டுக்கட்டை.

பிளஸ் ஒன் சேரும்போது எடுக்கும் குரூப்பிலேயே பாதி முடிவு நடந்துவிடுகிறது என்பதை ஆசிரியர்கள் பத்தாம் வகுப்பிலேயே உரக்கச் சொல்ல வேண்டும். கடலோரத்தில் இது இன்னும் கூர்மையான விஷயம். மீன்வள அறிவியல் பட்டப்படிப்புக்கு உயிரியல் வேண்டும். கடலோரக் காவல்படையில் பொதுப் பணி நாவிக் (மாலுமி) ஆவதற்குப் பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் வேண்டும். வணிகக் கப்பலில் அதிகாரியாகப் போவதற்கு இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றிலும் சேர்த்து 60 சதவீதமும், ஆங்கிலத்தில் 50 சதவீதமும் வேண்டும். "கணக்கு வராது, வேற குரூப் குடுங்க சார்" என்று பதினைந்து வயதில் சொல்லும் பையன், அப்பன் பாட்டன் தொழில் செய்த கடலிலேயே சம்பள வேலைக்குப் போகும் வாசல்களில் பலவற்றை அடைத்துவிட்டு வருகிறான். அது அவனுக்கும் தெரியாது, கையெழுத்துப் போடும் அம்மாவுக்கும் தெரியாது.

கடல் சார்ந்த படிப்புகளைப் பற்றி நம் ஊர்களில் பேச்சே குறைவு. அதனால் இதை விரிவாகவே சொல்கிறேன். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி 1977-இலிருந்து இயங்குகிறது. நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகம் 2012-இல் வந்தது. மீன்வள அறிவியல் நான்காண்டுப் பட்டம். மீனவர் பிள்ளைகளுக்கென்று தனி ஒதுக்கீடும் உண்டு. பொறியியல் கவுன்சலிங்கோடு இது சேராது, விண்ணப்பமும் கடைசித் தேதியும் தனி. பொறியியல் ரேங்க் வரட்டும் என்று காத்திருந்து இதைத் தவறவிட்டவர்கள் இருக்கிறார்கள். முடித்தவர்களுக்கு மீன்வளத் துறையில் ஆய்வாளர் பணி, வங்கிகளில் வேளாண் அலுவலர் தேர்வு, இறால் குஞ்சுப் பொரிப்பகங்கள், பண்ணைகள், ஏற்றுமதி நிறுவனங்களில் தரக்கட்டுப்பாடு என்று வழி இருக்கிறது. 1947-இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் மண்டபத்தில் இருக்கிறது. கடல்விரால் மீனை இந்தியாவில் முதன்முதலாகச் செயற்கைச் சூழலில் இனப்பெருக்கம் செய்யவைத்துக் குஞ்சு எடுத்தது 2010-இல் அங்கேதான். கடற்பாசி ஆராய்ச்சிக்கு அதே மண்டபத்தில் மத்திய அரசின் இன்னொரு நிலையம். தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை வளாகம். வெளிமாநிலத்துப் பிள்ளைகள் ரயிலேறி வந்து மண்டபத்தில் தங்கி நம் கடலை ஆராய்கிறார்கள். அந்த மதில் சுவரை ஒட்டியே தினம் நடந்து போகும் நம் பிள்ளைக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. வருஷத்தில் ஒரு நாளாவது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வரிசையாக உள்ளே கூட்டிக்கொண்டு போகச் சொல்லிப் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் கேட்கலாம். கேட்க வேண்டும்.

பத்தாவது மட்டும் முடித்தவருக்கும் கடலில் முறையான படிப்பு உண்டு. மத்திய அரசின் சிஃப்நெட் என்கிற மீன்வளப் பயிற்சி நிறுவனம் கொச்சியில் 1963-இல் தொடங்கியது. சென்னை ராயபுரத்தில் அதன் கிளை இருக்கிறது. கப்பல் செலுத்துநர், கப்பல் இஞ்சின் பொருத்துநர் என்று இரண்டு படிப்புகள், தலா இரண்டு ஆண்டு. கணிதத்திலும் அறிவியலிலும் 40 சதவீதம் இருந்தால் விண்ணப்பிக்கலாம். முடித்துவிட்டுக் கடலில் தேவையான காலம் வேலை பார்த்த பிறகு, மீன்பிடிக் கப்பல்களில் மேட் (துணைத் தலைவர்), ஸ்கிப்பர் (கப்பல் தலைவர்) சான்றிதழ்த் தேர்வுகளுக்குப் போகலாம். திசைகாட்டி இல்லாமலே காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்துக் கரை சேரத் தெரிந்த பையனுக்கு, அந்தத் திறமையைத் தாளில் பதியவைத்துச் சம்பளமாக்கும் வழி இது. இதற்கு வயது வரம்பு இருக்கிறது. நாலைந்து வருஷம் படகில் போய்விட்டு ஆற அமர யோசித்தால் நேரம் கடந்திருக்கும்.

கடலோரக் காவல்படைக்கும் கடற்படைக்கும் நம் பிள்ளைகளுக்கு இயல்பான ஈர்ப்பு உண்டு. உச்சிப்புளியில் கடற்படை விமானதளம், மண்டபத்தில் கடலோரக் காவல்படை நிலையம், தினமும் கண்ணில் படுகிறது. ஆனால் அந்தத் தேர்வில் நீச்சல் தெரியுமா என்று முதலில் யாரும் கேட்பதில்லை. 1.6 கிலோமீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும், 20 தோப்புக்கரணம் மாதிரி உட்கார்ந்து எழ வேண்டும், 10 தண்டால் எடுக்க வேண்டும். அதற்கும் முன்னால் கணினித் தேர்வு, அதுவும் ஆங்கிலத்திலும் இந்தியிலும். கடலில் நாள் முழுக்க வலை இழுக்கிற தோள் இருந்தும் எழுத்துத் தேர்வில் விழுந்துவிடுகிற பிள்ளைகள்தான் அதிகம். தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமம் மீனவ இளைஞர்களுக்காக இலவசப் பயிற்சி நடத்துகிறது. பிளஸ் டூ பரீட்சை முடிந்த அடுத்த வாரமே கடலோரக் காவல் நிலையத்தில் போய்க் கேட்பது நல்லது. கடற்படையின் அக்னிவீர் வேலை நாலு வருஷம்தான், அதன்பின் ஒரு பகுதியினரையே நிரந்தரமாக எடுப்பார்கள் என்பதையும் வீட்டில் பேசிவிட்டுப் போக வேண்டும்.

வணிகக் கப்பல் வேலை என்று சொல்லித்தான் இங்கே அதிகம் ஏமாற்றுகிறார்கள். வெள்ளைச் சீருடைப் படம் போட்ட போஸ்டர், "100 சதவீத வேலை உத்தரவாதம்" என்கிற வாசகம், லட்சக்கணக்கில் கட்டணம். கேட்க வேண்டிய கேள்விகள் நாலே நாலு. பயிற்சி நிலையத்துக்குக் கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் அங்கீகாரம் இருக்கிறதா? அதிகாரிப் படிப்பு என்றால் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வு வழியாகவா? எந்தக் கப்பல் நிறுவனம் பையனை எடுத்துக்கொள்வதாக எழுதிக் கொடுத்திருக்கிறது? வேலைக்கு அனுப்பும் ஏஜென்சிக்கு அரசு உரிமம் இருக்கிறதா? அங்கீகாரமும் உரிமமும் இயக்குநரகத்தின் இணையதளத்திலேயே தெரியும். பணம் கட்டுவதற்கு முன்னால் கண் பரிசோதனை. நிறக்குருடு இருந்தால் கப்பல் செலுத்தும் பக்கம் போகவே முடியாது. அதைப் பணம் கட்டிய பிறகு மருத்துவர் சொல்லித் தெரிந்துகொண்ட குடும்பங்கள் உண்டு.

கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம், தேவிபட்டினம், தொண்டி பக்கம் வளைகுடாப் பயணம் தலைமுறை தலைமுறையாக நடப்பது. மாமாவோ காக்காவோ (அண்ணனோ) அங்கே இருப்பதால் நம்பிக்கையும் அதிகம். அதில் தவறில்லை, வெறும் பிளஸ் டூவோடு போவதற்கும் ஒரு கைத்தொழிலோடு போவதற்கும் சம்பளத்தில் இருக்கும் தூரத்தைப் பார்க்க வேண்டும். ஏசி மெக்கானிக், வெல்டர், எலக்ட்ரீஷியன் என்று ஐடிஐயில் ஓரிரு வருஷம் படித்துவிட்டுப் போகிறவர் போன இடத்தில் எடுபிடியாக நிற்க மாட்டார். ராமநாதபுரத்திலும் பரமக்குடியிலும் முதுகுளத்தூரிலும் அரசு ஐடிஐகள் இருக்கின்றன. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் கிடைக்கிறது. பிளஸ் டூ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம், அங்கிருந்து பொறியியலிலும் நேராக இரண்டாம் ஆண்டு.

பத்தாவது தேறியவரின் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வுச் சோதனை தேவையில்லை என்று வந்துவிடும். வசதிதான். ஆனால் படிக்காத தொழிலாளிக்கு அரசு செய்கிற ஒப்பந்தச் சரிபார்ப்பு படித்த பிள்ளைக்குக் கட்டாயமாக நடக்காது, அவனே பார்த்துக்கொள்ள வேண்டும். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்கிறவரை நம்பக் கூடாது. 2022-இல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று கூட்டிப்போய் மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கும்பலிடம் அடைக்கப்பட்ட தமிழ் இளைஞர்களை மீட்டுக் கொண்டுவர வேண்டியிருந்தது. அவர்களில் பலர் நன்றாகப் படித்தவர்கள். தமிழக அரசுக்கே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்று 1978-இலிருந்து இருக்கிறது. முதலில் அங்கே விசாரிக்கலாம்.

பெண் பிள்ளைகளின் கதை கொஞ்சம் வேறு. அம்மா விடியற்காலையில் பாசி எடுக்கத் தீவுப் பக்கம் போகிற வீடுகளில், தம்பி தங்கையைப் பார்ப்பதும் சமைப்பதும் மூத்த மகள்தான். அவளுக்கு விடுதியா, தினம் பஸ்ஸா என்கிற கேள்வியில்தான் படிப்பே நிற்கிறது. ரிசல்ட் வந்ததும் "நர்சிங் படிக்க வச்சா உடனே வேலை" என்று ஒருவர் வருவார். கடைத்தெரு மாடியில் ஒரு வருஷ நர்சிங் என்று சான்றிதழ் கொடுக்கிற இடங்களில் படித்தால் நர்ஸாகப் பதிவு செய்ய முடியாது. தமிழ்நாடு நர்சுகள் மற்றும் தாதியர் கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்ப்பது ஒன்றுதான் வழி. பி.எஸ்சி. நர்சிங்குக்கும் துணை மருத்துவப் படிப்புகளுக்கும் அரசே மதிப்பெண் அடிப்படையில் கவுன்சலிங் நடத்துகிறது. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி வந்த பிறகு மாவட்டத்திலேயே இந்தத் துறைக்கு ஒரு பெரிய இடம் கிடைத்திருக்கிறது. அரசு கலைக் கல்லூரியில் ஒரு பி.எஸ்சி., பி.காம். சேருவதைத் தோல்வி மாதிரிப் பேசுவதையும் நிறுத்த வேண்டும். விண்ணப்பத்துக்கே சுமார் 50 ரூபாய்தான், கட்டணமும் சொற்பம். ராமநாதபுரம் சேதுபதி கல்லூரியில் இளங்கலை படித்துக்கொண்டே டிஎன்பிஎஸ்சிக்குத் தயாராகிற பிள்ளைக்கு, நாலு லட்சம் கடனோடு பிடிக்காத பொறியியல் படிக்கிற பிள்ளையைவிட மூச்சு விட இடம் இருக்கிறது.

கலாமை உதாரணம் காட்டாமல் ராமேஸ்வரத்தில் கல்வி பற்றி யாரும் பேசுவதில்லை. நானும் காட்டுகிறேன், ஆனால் வேறொரு காரணத்துக்காக. அவர் ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளியில் படித்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் பட்டம் வாங்கினார். அதன் பிறகே பொறியியல்தான் தனக்கு வேண்டியது என்று தெரிந்து குரோம்பேட்டை எம்ஐடிக்குப் போனார். அங்கே சேர அப்போது சுமார் ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது, அப்பாவிடம் இல்லை. அக்கா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். பதினேழு வயதில் எடுத்த பாடத்தை இருபதுக்கு மேல் மாற்றிக்கொள்ளலாம் என்பது இதில் ஒன்று. தேவைப்பட்ட வாரத்தில் பணம் வந்து சேர்ந்தது என்பது இன்னொன்று.

இன்றைக்கு அந்த வளையலின் இடத்தில் கல்விக் கடன் இருக்கிறது. நாலு லட்சம் வரை சொத்துப் பிணை கேட்கக் கூடாது. படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை கட்ட வேண்டியதில்லை. பெற்றோரின் ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் என்றால், தர அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளில் தொழிற்கல்வி படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டமும் உண்டு. கவுன்சலிங் ஒதுக்கீட்டு ஆணை கையில் இருந்தால் வங்கி மேலாளரிடம் பேசுவது சுலபம். ஆனால் விண்ணப்பித்து, ஆவணம் கொடுத்து, பணம் கல்லூரிக்குப் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் கட்ட வேண்டிய முதல் தொகைக்குக் கையில் ஏதாவது இருந்தாக வேண்டும். பிள்ளை பிளஸ் டூ படிக்கும் வருஷத்தின் ஆடி, ஆவணி மீன் வரவிலிருந்து, ஒவ்வொரு மடியிலும் கொஞ்சம் தனியாக எடுத்து அம்மா பெயரில் அஞ்சலகத்தில் போட்டு வையுங்கள். தடைக்காலம் வரும்போது அதைத் தொடக் கூடாது. மகளிர் குழுவில் இருக்கும் அம்மாக்கள் மே மாதத்துக்கு முன்பே கடன் வரிசையில் பெயர் கொடுத்து வைக்கலாம். வியாபாரியிடம் அட்வான்ஸ் கேட்பது கடைசி வழி.

தவறிப்போய் மேனேஜ்மெண்ட் சீட்டுக்குக் கட்டிவிட்டவர்களுக்கும் வழி அடைந்துவிடவில்லை. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்பது ஏஐசிடிஇ (அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு) விதி. குறித்த கடைசித் தேதிக்குள் விலகினால் ஆயிரம் ரூபாய்க்கு மேல் பிடிக்காமல் மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் விதி. எழுத்து மூலம் கேட்க வேண்டும், ரசீதை விடக் கூடாது.

பிளஸ் டூவில் ஒன்றிரண்டு பாடம் போன பிள்ளைகளைத்தான் இந்தக் கரை சீக்கிரமாகப் படகில் ஏற்றிவிடுகிறது. துணைத் தேர்வு அதே ஜூன், ஜூலையில் நடக்கிறது. தேறிவிட்டால் அந்த வருஷமே காலியாக இருக்கும் கலைக் கல்லூரி, பாலிடெக்னிக், ஐடிஐ இடங்களில் சேரலாம். பொறியியலுக்கும் துணைக் கவுன்சலிங் இருக்கிறது. ஆனால் துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் நாட்கள் தடைக்காலத்துக்குள்ளேயே முடிந்துவிடும், தேர்வோ படகுகள் முதல் மடிக்குப் போகும் ஜூன் பிற்பாதியை ஒட்டி வரும். அந்த நேரத்தில் ஆள் தேவை அதிகம், கூலியும் நன்றாக இருக்கும், பையனும் போகத்தான் நினைப்பான். மே மாதமே பள்ளிக்குக் கூட்டிப்போய் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு, தேர்வு முடியும்வரை இவன் வரமாட்டான் என்று சம்மாட்டியிடம் அப்பாவே போய்ச் சொல்லிவிட வேண்டும்.